மூன்று படிகளும் ஒரு செப்பேடும்

1661 ஆகஸ்ட் 6 அன்று டச்சுக் குடியரசும் போர்ச்சுகலும் ஹேக் நகரில் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதற்கு 17 மாதங்கள் கழித்து, 1663 ஜனவரியில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைப் போரிட்டுக் கைப்பற்றியது. உடன்படிக்கைக்கு இரு அரசுகளும் ஒப்புதல் அளிப்பதில் காலம் இழுபட்டது. செய்தி கடல் கடந்து வருவதற்கு மேலும் மாதங்கள் பிடித்தன. கொச்சியைத் திருப்பித் தர வேண்டும் என்று போர்ச்சுகல் பின்னர் வாதிட்டது, கம்பெனி தரவில்லை. ஐரோப்பாவில் சமாதானம், மலபாரில் போர் என்று ஒரே காலத்தில் இரண்டு நிலைமைகள் உண்மையாக இருந்தன.

இன்று பல தரவு மையங்களில் பரவியிருக்கும் மேகச் சேமிப்பை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. ஒரே தரவின் படிகள் வெவ்வேறு ஊர்களில் இருக்கும்போது, அவற்றுக்கிடையே தொடர்பு அறுந்தால் என்ன செய்வது? எல்லாப் படிகளும் ஒத்துப்போகும்வரை பதில் சொல்லாமல் காத்திருக்கலாம். அல்லது கையிலிருக்கும் பழைய படியைக் கொண்டு உடனே பதில் சொல்லலாம். இரண்டையும் ஒருசேரப் பெற இயலாது என்ற கருத்தை எரிக் புரூவர் 2000இல் முன்வைத்தார். சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002இல் அதை நிறுவினர். 1663இல் கொச்சியை முற்றுகையிட்ட தளபதிகள் இரண்டாவது வழியில் நடந்தார்கள் எனலாம்.

கம்பெனி இச்சிக்கலை அறியாததன்று. நெதர்லாந்திலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பல் ஏறத்தாழ 8 மாதம் ஓடியது. ஆகவே முக்கியமான கடிதங்களைப் பல படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். ஒரு கப்பல் மூழ்கினாலும் இன்னொன்று கரைசேரும். அவசரச் செய்திகள் மட்டும் பாஸ்ரா, அலெப்போ வழியாகத் தரைமார்க்கமாகச் சென்றன. அது விரைவானது, ஆனால் செலவு மிக்கது, பெரிய கட்டுகளைச் சுமக்க இயலாதது. விரைவான சேமிப்பு, மலிவான சேமிப்பு என்று இன்றைய நிறுவனங்கள் தனித்தனி விலை வைப்பதன் பழைய வடிவம் இது.

படிகளைப் பரப்பியதன் பயன் கம்பெனி கலைந்த பிறகே முழுமையாகத் தெரிந்தது. நெதர்லாந்தில் அதற்கு ஆறு கிளைகள் இருந்தன. டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹூர்ன், என்க்ஹைசன் ஆகிய நான்கின் ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்தன; ஆம்ஸ்டர்டாம், சேலாந்து கிளைகளின் ஆவணங்கள் பெருமளவு எஞ்சின. இன்று அக்கம்பெனியின் வரலாற்றை எழுத முடிவது இவ்வாறு எஞ்சியவற்றால்தான்.

இதற்கு நேர்மாறான வழியை மட்டாஞ்சேரியில் காணலாம். கி.பி. 1000 அளவில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், இசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கினான். வட்டெழுத்தும் கிரந்த எழுத்தும் கலந்து பொறித்த அச்செப்பேடு பரதேசி யூதர்களின் ஜெபாலயத்தில் பேணப்பட்டு வந்தது. 1662இல் டச்சுக்காரர் முதல் முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கியதும், அவர்களுக்கு உதவியதற்காகப் போர்ச்சுகீசியர் யூதர்களைத் தாக்கினர். ஜெபாலயம் சேதமுற்றது, ஏடுகளும் அப்போது எரிந்தன என்பது அச்சமூகத்தின் மரபு. செப்பேடு தப்பியது. எழுதச் செலவு அதிகம், இடம் குறைவு, திருத்த வழியில்லை, ஆனால் நீடிக்கும். இருந்தும் அது ஒற்றைப் படி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சிக்கு வந்த கிளாடியஸ் புக்கானன், அதன் நகலைச் செம்பிலேயே வெட்டுவித்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ப்பித்த பின்னரே அந்நிலை மாறியது.

படிகளின் எண்ணிக்கை மட்டும் போதுமா? மூலபாட ஆய்வு பயின்றோர் இதற்கு விடை அறிவர். பத்துச் சுவடிகள் ஒரே பாடத்தைத் தந்தாலும், அவை பத்தும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து பிறந்தவை என்றால் சான்று ஒன்றே. சேமிப்பிலும் இதுவே விதி. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் தீக்கிரையானபோது, மாற்றுப் படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் இழந்தனர். ஒரே கப்பலில் ஏற்றிய மூன்று கடிதங்கள் பாதுகாப்பில் ஒரு கடிதத்துக்கே சமம்.

செலவைக் குறைக்கக் கணிதம் ஒரு வழி தந்தது. மூன்று முழுப் படிகள் வைத்தால் இடம் மூன்று மடங்காகும். 1960இல் ரீட், சாலமன் இருவரும் வகுத்த குறிமுறையின்படி தரவைப் பத்துத் துண்டுகளாக்கி, அவற்றிலிருந்து கணக்கிட்ட நான்கு துண்டுகளைச் சேர்த்தால் 1.4 மடங்கு இடம் போதும். பதினான்கில் எந்த நான்கு தொலைந்தாலும் மீட்கலாம். ஃபேஸ்புக் அதிகம் பார்க்கப்படாத பழைய படங்களுக்கு இம்முறையைக் கையாண்டது. ஆனால் தொலைந்த ஒரு துண்டை மீட்கப் பத்துத் துண்டுகளைப் படிக்க வேண்டும். இடத்தில் மிச்சம் பிடித்ததைக் காலத்தில் செலுத்துகிறோம்.

ஆக, எதை எத்தனை படி, எங்கே வைப்பது என்பது பொறியியலுக்கு முன் மதிப்பீடு சார்ந்த கேள்வி. மிளகு, விலை, போர் பற்றிய அறிக்கைகள் பல படிகளாகக் கடல் கடந்தன. உள்ளூர் நிர்வாகத்தின் அன்றாடத் தாள்கள் பெரும்பாலும் கொச்சியிலேயே தங்கின. ஆங்கிலேயர் 1795இல் கொச்சியைப் பிடித்த பிறகு, காலப்போக்கில் சென்னைக்கு வந்தன. இன்று எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஐந்து நாடுகளில் சிதறிக் கிடக்கும் கம்பெனி ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது சென்னையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. கொச்சியில் அடிமைகளாக விற்கப்பட்டோரின் விற்பனைப் பத்திரங்கள் இத்தாள்களிடையே கிடைக்கின்றன. அம்மனிதர்களுள் பலரைப் பற்றி நமக்கு எஞ்சியிருப்பது அப்பத்திரத்தின் சில வரிகளே. அவற்றுக்கு இரண்டாம் படி வேண்டுமென்று கம்பெனிக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

வழக்கொழியும் மொழிகளின் ஒலிப்பதிவுகளையும் சுவடிப் படங்களையும் இன்று நாம் மேகத்தில் ஏற்றுகிறோம். அரிதாகத் திறக்கும் கோப்பை மலிவான அடுக்குக்கு, சில வேளை ஒரே இடத்தில் மட்டும் சேமிக்கும் வகைக்கு, மாற்றுவது பட்ஜெட் நோக்கில் நியாயமாகத் தெரியும். ஆனால் எவ்வளவு அடிக்கடி திறக்கிறோம் என்பது வேறு, இழந்தால் மீண்டும் பெற முடியுமா என்பது வேறு. முதலாவதைக் கணினியே எண்ணிச் சொல்லிவிடும். இரண்டாவதை அத்தரவை அறிந்த ஆய்வாளரே சொல்ல இயலும். ஆய்வுத் திட்டங்களின் செலவுப் பட்டியல் எழுதப்படும்போதே அதைச் சொல்லியாக வேண்டும்.