யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து ரொட்மெல் கிராமம் வரை



நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. ஊரில் உயர்தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனது. இங்கே தொழிற்சாலையில் வேலை. ஆனால் சரித்திரப் புத்தகம் ஒன்று அகப்பட்டால் முடிக்கும்வரை கீழே வைக்க மாட்டேன். லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் சங்கத்து அண்ணை ஒருவர் மறித்து, "தம்பி, இந்த முறை மலருக்கு ஒண்டு எழுதித் தா" என்று கேட்டார். போன கோடை லீவில் குடும்பமாகப் போய்வந்த ஒரு கிராமத்தைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். அந்தக் கிராமத்துக்கும் எங்கட யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு.

எங்களில் அநேகருக்கு இங்கிலாந்து என்றால் லண்டன் மட்டும்தான். ஈஸ்ற்ஹாம், வெம்பிளி, கோயில், சாறிக்கடை, சொந்தக்காரர் வீட்டுக் கொண்டாட்டம், திரும்பி வாறது. இந்த முறை ரொட்மெல் போகப் போகிறேன் என்று லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகனுக்குச் சொன்னேன். "அங்க என்னத்தைப் பாக்கப் போறாய்? மாடும் புல்லும்தானே!" என்று அண்ணை போனில் சிரித்தார்.

கடல் கடந்து

ரொட்மெல் தென் இங்கிலாந்தில் கிழக்கு சசெக்ஸ் பகுதியில், ஊஸ் என்ற சிறிய ஆற்றின் பக்கத்தில் இருக்கிறது. கடலிலிருந்து சில கிலோமீற்றர் தூரம். பாரிசிலிருந்து போக லண்டனைத் தொடவே தேவையில்லை. சென்லசாரில் ரெயின் ஏறி, றுவானில் மாறி தியெப் போனால், அங்கிருந்து நாலு மணித்தியாலம் அளவில் கப்பல் நியூஹேவன் துறைமுகத்தில் இறக்கிவிடும். அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு விசா வேண்டும். எனக்கும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக் கிடைத்த பிறகுதான் இது சுலபமாயிற்று.

நியூஹேவனில் இறங்கியதும் மகளுக்கு ஒரு கதை சொன்னேன். 1848 பெப்ரவரியில் பாரிசில் புரட்சி வெடித்தபோது பிரான்சின் அரசர் லூயி பிலிப் முடியைத் துறந்து ஓடினார். மார்ச் 3 ஆம் திகதி இதே நியூஹேவனில்தான் வந்து இறங்கினார். வரும்போது அவருடைய பெயர் "திரு. ஸ்மித்". அரசனும் ஒரு நாள் வேறு பெயரில் கடல் தாண்டித் தஞ்சம் கேட்டு வந்திருக்கிறான். வேறு பெயரில் வந்து சேர்ந்த எங்கட ஆட்களுக்கு இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நியூஹேவனிலிருந்து லெவிஸ் போகும் ரெயினில் சவுத்தீஸ் என்ற சின்ன நிலையத்தில் இறங்கினோம். ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் சவுத்தீஸ் கிராமம். அங்குள்ள பழைய தேவாலயத்தின் கோபுரம் வட்டமானது. சசெக்ஸில் வட்டக் கோபுரத் தேவாலயங்கள் மூன்றுதான், மூன்றுமே இந்த ஆற்றோரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து நடந்தால் ரொட்மெல். வழியெல்லாம் புல்வெளி, மாடு, ஆடு. அண்ணை சொன்னது பொய்யில்லை.

வீட்டுக்காரர் யார்?

நாங்கள் தேடிப் போனது "மங்ஸ் ஹவுஸ்" என்ற வீடு. பலகை அடித்த பழைய வீடு, பின்னால் பெரிய தோட்டம். 1919 இல் லெனார்ட் வூல்ஃப் என்பவரும் அவர் மனைவி வேர்ஜீனியா வூல்ஃபும் இதை ஏலத்தில் 700 பவுணுக்கு வாங்கினார்கள். இப்போது நாஷனல் ட்ரஸ்ற் பராமரிக்கிறது. வேர்ஜீனியா உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர். லிசேயில் படிக்கும் எங்கட பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்திருக்கும். தோட்டத்து மூலையில் அவர் எழுதிய சிறு அறை அப்படியே இருக்கிறது. நீண்ட காலம் மனநோயால் வருந்தியவர். 1941 மார்ச் 28 இல் இந்த ஊஸ் ஆற்றிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். இருவரின் சாம்பலும் இந்தத் தோட்டத்தில்தான்.

வந்தவர்கள் எல்லோரும் வேர்ஜீனியாவைத்தான் பார்க்க வந்தார்கள். நான் மட்டும் லெனார்ட் வூல்ஃபைத் தேடிப் போனேன். ஏனென்றால் அந்த மனுசன் எங்கட யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை செய்தவர்.

1904 டிசம்பரில் 24 வயதில் கொழும்பில் வந்து இறங்கினார். ஒரு நாயையும், பிரெஞ்சு அறிஞர் வால்டேயரின் நூல் தொகுதியையும் இலங்கைக்குக் கொண்டுவந்தார். அப்போது வடக்குக்கான ரெயில் பாதை முழுதாக முடியவில்லை. அனுராதபுரத்துக்கு அப்பால் காட்டு வழியே தபால் மாட்டுவண்டிதான். கீழே தபால் மூட்டை, அதன்மேல் பிரயாணிகள் படுக்கை! 1905 ஜனவரி தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து, கோட்டை மதில்மேல் இருந்த பங்களாவில் குடியிருந்தார். தமிழ் படித்துப் பரீட்சையும் எழுதினார்.

1906 இல் மன்னார்ப் பக்கம் மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது அதை மேற்பார்க்க அனுப்பப்பட்டவர்களில் இவரும் ஒருவர். வெறும் மணல் கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஒரு பட்டினமே முளைத்துவிடும். சுழியோடிகள் உயிரைக் கொடுத்து எடுக்கும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மூழ்கினவனுக்கு மிச்சம் ஒரு பங்கு.

இவரை நல்லவர் என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. கண்டிப்பான துரை. யாழ்ப்பாணத்தாருக்கு இவரைப் பிடிக்கவில்லை. குதிரையில் போகும்போது சவுக்கால் தன் முகத்தில் வேண்டுமென்று அடித்தார் என்று ஒரு தமிழ் வழக்கறிஞர் முறைப்பாடு செய்தார். அடிக்கவில்லை, சவுக்கால் சுட்டிக் காட்டினேன் என்றார் இவர். ஆனால் வயதான காலத்தில் 1961 இல் வெளியிட்ட சுயசரிதையில் இந்தச் சம்பவத்தை மறைக்காமல் எழுதினார். நான் இந்த நாட்டில் எசமானாக இருப்பது சரிதானா என்ற சந்தேகம் அப்போதுதான் மனதில் விழுந்ததாம்.

1907 இல் கண்டிக்கும், பிறகு அம்பாந்தோட்டைக்கும் மாறினார். 1911 இல் லீவில் இங்கிலாந்து போனவர் அடுத்த வருடம் உத்தியோகத்தையே விட்டுவிட்டார். 1913 இல் அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமத்து ஏழைச் சிங்கள மக்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார்.

1938 ஆம் ஆண்டு அறிக்கை

இனித்தான் முக்கியமான விசயம். இவர் பிற்பாடு பிரித்தானியத் தொழிற்கட்சியில் சேர்ந்து, குடியேற்ற நாடுகள் பற்றிய அதன் ஆலோசனைக் குழுவின் செயலாளராக இருந்தார். 1938 நவெம்பரில் இலங்கையின் அரசியலமைப்புப் பற்றி ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். இலங்கைக்குக் கூடிய சுயாட்சி கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் சிறுபான்மை மக்களின் பயத்தையும் தட்டிவிடக் கூடாது என்றார். அதற்கு வழியாக, அதிகாரத்தைப் பெருமளவு பகிர்ந்து கொடுப்பதையோ சுவிற்சர்லாந்து போன்ற சமஷ்டி முறையையோ யோசிக்கச் சொன்னார். மொழியாலும் மதத்தாலும் வேறுபட்ட, சிறிதும் பெரிதுமான சமூகங்கள் அங்கே ஒரே சனநாயக நாட்டில் சேர்ந்து வாழ்கின்றன என்பதை எடுத்துக்காட்டினார். இவர் யூத இனத்தவர். கிட்லர் ஜேர்மனியில் யூதர்களைக் கொடுமைப்படுத்திய காலம் அது. சிறுபான்மையின் பயம் என்னவென்று அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இலங்கையில் முதன்முதல் சமஷ்டி பேசியவர் இவர் அல்ல. 1926 இல் பண்டாரநாயக்கா பேசினார். பிறகு கண்டிச் சிங்களவர்களும் கேட்டார்கள். 1945 இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தும் அந்த அறிக்கை தூசி படிந்தே கிடந்தது. 1948 இல் சுதந்திரம் வந்தபோது சமஷ்டி வரவில்லை. 1949 இல் தந்தை செல்வா தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. பிறகு நடந்தது எல்லாம் இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். அதனால்தானே நாங்கள் இஞ்ச நிக்கிறம். வெள்ளைக்காரன் சொன்னபடியால்தான் எங்கட கோரிக்கை சரி என்று நான் சொல்ல வரவில்லை. எங்களை ஆண்டவர்களுக்கே பத்து வருடம் முன்கூட்டித் தெரிந்திருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

சுற்றியுள்ள இடங்கள்

இரண்டாம் நாள் லெவிஸ் நகரம் பார்த்தோம். குன்றின்மேல் நோர்மன் காலத்துக் கோட்டை. 1264 இல் இங்கே நடந்த போரில் சைமன் டி மொன்ற்போர்ட் அரசன் மூன்றாம் ஹென்றியைத் தோற்கடித்தார். மனித உரிமை பற்றி எழுதிய தோமஸ் பெயின் 1768 முதல் 1774 வரை இந்த ஊரில் வாழ்ந்தவர். பின்னர் பிரெஞ்சுப் புரட்சிச் சபையில் உறுப்பினராகி, பாரிசில் சிறையும் இருந்தார்.

அங்கிருந்து பிறைற்றன். முதலாம் உலகப் போரில் பிரெஞ்சுப் போர்முனையில் காயப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அங்குள்ள அரச மாளிகை மருத்துவமனையானது. இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை நகருக்கு வெளியே குன்றில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921 இல் திறந்த வெள்ளைச் சலவைக்கல் மண்டபம்தான் "சத்ரி". கார் போகாது, நடந்துதான் ஏறவேண்டும். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

லெவிசுக்கும் பிறைற்றனுக்கும் இடையில் போல்மர். லெனார்ட் வூல்ஃபின் கடதாசிகள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகி, அங்குள்ள "த கீப்" என்ற ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அன்று நாங்கள் உள்ளே போகவில்லை, வெளியே நின்று பார்த்தோம். மகள் கேட்டாள்: "அப்பா, அவர் எங்கட ஊரைப் பற்றி எழுதினது இஞ்ச இருக்கு. எங்கட ஆக்கள் எழுதினது எங்க இருக்கு?"

என்ன சொல்வது? 1981 யூன் தொடக்கத்தில் யாழ் நூலகம் எரிந்து முடிந்திருந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. வூல்ஃப் இருந்த கோட்டையும் போரில் உடைந்தது. பழைய பூங்காவில் நின்ற கச்சேரிக் கட்டடமும் இடிபாடானது. அவர் வீட்டில் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக்கூட வைத்துக் காப்பாற்றுவார்கள்போல. எங்கட அப்பப்பாவின் கையெழுத்து ஒரு துண்டுகூட என்னிடம் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் வழியிலேயே விட்டாச்சு.

திரும்பி வந்ததும் ஒரு கொப்பி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்து, அவ சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். ஊர்க் கிணறு, பள்ளிக்கூடம், எந்த வருடம் எங்கே இடம்பெயர்ந்தது, ஆர் ஆர் வந்தது, ஆர் வரவில்லை. இதுவரை நாற்பது பக்கம். உங்கள் வீட்டிலும் வயது போனவர்கள் இருப்பார்கள். பிறக்கிற ஆண்டில் நீங்களும் ஒரு கொப்பி வாங்குங்கோ. கோடை லீவில் ரொட்மெல் பக்கமும் ஒருக்கா போய்வாருங்கோ. அந்த வீடு எல்லா நாளும் திறப்பதில்லை, விசாரித்துப் போங்கோ.

எல்லோருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள்.