கொழும்பு மாளிகையும் சேதுவழிச் சத்திரமும்

வழிநடப்போர் தங்கும் இடத்திற்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. அம்பலம், பொதியில், சாவடி, மடம், சத்திரம் எனக் காலந்தோறும் அவை மாறி வழங்கின. இப்பெயர்கள் எவற்றோடும் வாடகை என்னும் எண்ணம் ஒட்டியதில்லை. மணிமேகலை அமுதசுரபியோடு சென்று சேர்ந்த உலகவறவி, போக்கிடமற்றோர் கூடும் பொதுமன்றமே. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என அரசனிடம் அவள் கேட்டதையும் ஈண்டு நினைவுகூரலாம். தங்குமிடம் என்பது அறத்தின் ஒரு பகுதி என்று எண்ணிய சமுதாயத்தினர் நாம். ஆயின் தங்கியவர் யார் என்று எழுதிவைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அக்குறையைப் பற்றியதே இக்கட்டுரை.

சேது யாத்திரை செல்வோர் உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை வணங்கி, தேவிபட்டினத்து நவபாடாணத்தைத் தொழுது, பின்னரே இராமேசுவரம் செல்வது மரபு. தம் தலைமேல் கூரையே வேண்டாமென்று வெயிலை உகந்து வீற்றிருக்கும் பிள்ளையாரின் ஊரில் பிறந்தவள், பெருவிடுதி ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தது சற்று வேடிக்கைதான். ஆனால் இவ்வூர் வழியே நடந்தவர் அனைவரும் இராமேசுவரத்தோடு நின்றவர் அல்லர். கடலைக் கடந்து கொழும்புக்கும் கண்டிச்சீமைக்கும் சென்றவர் பலர். என் பாட்டனாரின் தமையனார் அவர்களுள் ஒருவர். எங்கள் வீட்டில் அவருக்குக் ‘கொழும்புத் தாத்தா’ என்று பெயர். கொழும்பில் கப்பல் பயணிகள் தங்கும் பெரிய ஓட்டல் ஒன்றின் சமையற்கட்டில் அவர் வேலை பார்த்தார் என்பது மட்டுமே குடும்பத்தார் அறிந்த செய்தி. எந்த ஓட்டல் என்பது எவர்க்கும் தெரியாது. சில காலம் பணவிடை வந்தது. பின்னர் அதுவும் நின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் கருத்தரங்கு ஒன்றின் பொருட்டுக் கொழும்பு சென்றபோது, கால்பேஸ் ஓட்டலில் இரண்டு இரவுகள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. காலிமுகத் திடலின் தென்கோடியில், அலை வந்து மோதும் கரையோரத்தில் எழுந்துள்ள மாளிகை அது. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகைபோல் தளம் பாவிய முற்றத்தில் நின்றால் மேலைக்கடல் முழுவதும் கண்முன் விரியும். அகன்ற தாழ்வாரங்களும் உயர்ந்த விதானங்களும், வெப்ப நாட்டில் வெள்ளைக்காரர் வாழக் கற்றுக்கொண்ட முறைக்குச் சான்று பகர்வன. உள்ளே நடக்கும்போது நம் காலடி ஓசையே நமக்குச் சற்று அந்நியமாகக் கேட்கிறது. பகல் முழுதும் கருத்தரங்கில் கழிந்தது. இரவில் உறக்கம் வரவில்லை. சமையற்கட்டு எந்தப் பக்கம் இருக்கும் என்ற எண்ணமே மேலோங்கி நின்றது.

அந்த ஓட்டலின் வரலாறு, ஈழத்துத் தோட்டப் பொருளாதாரத்தின் வரலாறே எனலாம். ஓட்டல் தொடங்கப்பெற்ற ஆண்டு 1864. அதன்முன் விரிந்துள்ள திடலை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 முதல் 1859 வரை செப்பனிடச் செய்து, கொழும்பின் மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் உரியதாகப் பேணுமாறு தம் பின்னோரைக் கேட்டுக்கொண்டார். அவர் மனத்தில் இருந்த மகளிர் எம்மகளிர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அன்று மலைநாட்டில் விளைந்தது தேயிலை அன்று, காப்பி. 1867-இல் கொழும்பு-கண்டி இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் காப்பிச் செடியை இலைநோய் பற்றத் தொடங்கியது. அது அழிந்த இடங்களில் பின்னர்த் தேயிலை பரவியது. ஐரோப்பாவுக்கும் கீழை நாடுகளுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் நீரும் நிலக்கரியும் ஏற்றக் கொழும்பில் நங்கூரமிட்டன. இறங்கிய பயணிகளுக்குப் பஞ்சணையும் பனிக்கட்டியும் வேண்டியிருந்தன. 1875-இல் துறைமுகத்தின் எதிரிலேயே கிராண்ட் ஓரியண்டல் ஓட்டல் எழுந்தது. கால்பேஸ் ஓட்டலும் 1894-இல் விரிவாக்கம் பெற்றது.

இவ்விரு மாளிகைகளும் தம்மிடம் தங்கிய பெரியோரின் பெயர்களைப் போற்றிப் பாதுகாத்து வருகின்றன. கால்பேஸ் ஓட்டலில் அப்பெயர்களைப் பொறித்த பலகையைக் காணலாம். மன்னர், அமைச்சர், எழுத்தாளர், நடிகர் என வரிசை நீளும். இதைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நம் சத்திரங்களில் ஒன்றாவது இங்ஙனம் ஒரு பெயர்ப்பட்டியலை வைத்திருந்தால் இன்று ஆய்வாளர்க்கு எத்துணை உதவியாக இருந்திருக்கும்!

கிராண்ட் ஓரியண்டல் ஓட்டலின் பெருமைக்குரிய விருந்தினர் உருசிய எழுத்தாளர் அந்தோன் செகாவ். 1890-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் கொழும்பில் சில நாட்கள் தங்கினார். இலங்கையைச் சுவர்க்கம் என்று அவர் தம் நண்பர்க்கு எழுதியதைச் சுற்றுலாக் கையேடுகள் தவறாமல் எடுத்துரைக்கும். அவர் எங்கிருந்து அங்கு வந்தார் என்பதைக் கையேடுகள் அவ்வளவாகப் பேசுவதில்லை. உருசியப் பேரரசின் தண்டனைத் தீவாகிய சகலினில் மூன்று மாதங்கள் அலைந்துவிட்டு, கப்பல் வழியே தாயகம் திரும்புகையில்தான் அவர் கொழும்பில் இறங்கினார். சகலினில் அவர் செய்த பணி வியப்புக்குரியது. குடிசை குடிசையாகச் சென்று, கைதிகளையும் குடியேறிகளையும் தனித்தனியே கண்டு, பெயர், வயது, பிறந்த இடம், வந்த ஆண்டு எனக் கேட்டு, ஆளுக்கொரு சீட்டாக ஏறத்தாழ 10,000 சீட்டுகளை நிரப்பினார். எவரும் கணக்கில் வைக்காத மாந்தரை ஒருவர் ஒருவராகப் பெயரிட்டு எழுதிய கை அது. அக்கை கொழும்பு ஓட்டலின் பதிவேட்டிலும் பெயரெழுதியிருக்கும். அவ்வேளையில் அதே தீவின் மலைநாட்டிலும், அதை நோக்கிய வழிகளிலும் இருந்த நம்மவர் பெயரை எழுத எவரும் இல்லை.

அவர்கள் சென்ற வழியைச் சிறிது நோக்குவோம். தொடக்கத்தில் தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு கடந்து மாத்தளை நோக்கிக் கால்நடையாகவே சென்றனர். காலராவாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். பின்னர்த் தூத்துக்குடியிலிருந்து நீராவிக் கப்பல் உதவியது. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வாயிலாயிற்று. எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டைக் கொண்டு கொழும்புக் கோட்டை நிலையம்வரை செல்லலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 22 மைல் கடலை ‘இர்வின்’, ‘கோஷன்’ முதலிய கப்பல்கள் கடந்தன. ‘போட் மெயில்’ என்று இன்றும் நம் முதியோர் நாவில் இனிக்கும் பெயர் அதனால் வந்தது.

அந்த இனிமை எல்லார்க்கும் உரியதன்று. முதல் வகுப்புப் பயணி தனுஷ்கோடியில் கப்பலேறி, மறுநாள் கொழும்பில் இறங்கி, காலிமுகத்து மாளிகையில் களைப்பாறலாம். தோட்டத்துக்குச் சென்ற தொழிலாளி மண்டபத்திலேயே இறக்கப்பட்டான். இலங்கை அரசு நம் மண்ணில் நடத்திய மண்டபம் முகாமில் அவனும் மனைவி மக்களும் அடைக்கப்பட்டனர். ஆடைகள் நீராவியில் வெதுப்பப்பட்டன; அம்மை குத்தப்பட்டது; நோயில்லை என உறுதியாகும்வரை நாட்கள் கழிந்தன. நோய் பரவாமல் காப்பது அரசின் கடமையே. ஆனால் நோய்க்கிருமி மூன்றாம் வகுப்பில் மட்டும் பயணம் செய்யும் என்பது எம்மருத்துவ நூலிலும் இல்லை.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளரைத் தோட்டத்துக்கு அனுப்பத் தகரத் துண்டு முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த சிறு தகரத்தை அவர்கள் கழுத்தில் அணிந்து செல்வர். அதைப் பார்த்தே வழியிலுள்ள அலுவலர்கள் இன்ன தோட்டத்துக்கு உரியவர் எனச் சரக்கை அனுப்புவதுபோல் அனுப்பிவைத்தனர். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. மாளிகையில் தங்கியவர் பெயர் பலகையில் நின்றது. அம்மாளிகைக்கு வளம் சேர்த்த தோட்டத்தில் உழைத்தவர்க்கு எண்ணே பெயராயிற்று. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைப் படித்தோர்க்கு இவ்வழியின் முடிவு தெரியும்.

நான் தங்கிய முதல்நாள், வருகைச் சீட்டில் ஊர் என்னுமிடத்தில் ‘உப்பூர்’ என எழுதினேன். அறைக்குப் பெட்டியைக் கொண்டுவந்த முதிய ஊழியர், அது எந்தப் பக்கம் என்று வினவினார். இராமநாதபுரம் என்றதும் அவர் முகம் மாறியது. “எங்க பாட்டனும் அந்தப் பக்கந்தான் மேடம். மண்டபம் கேம்ப் வழியா வந்தவரு” என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். “ஊர் பேரு தெரியாது மேடம். எங்கப்பாவுக்கே தெரியாது” என்று சொல்லிப் பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். அவருக்கு நான் என்ன விடை கூறுவது? என் கொழும்புத் தாத்தா எங்கிருந்தார் என எனக்குத் தெரியாததுபோலவே, தம் பாட்டனார் எங்கிருந்து வந்தார் என அவர்க்கும் தெரியவில்லை.

இனி நம் சத்திரங்களுக்கு வருவோம். சேதுபதி மன்னர்கள் மடங்களுக்கும் சத்திரங்களுக்கும் ஊர்களை மானியமாக விட்ட செய்திகளை, வரலாற்றறிஞர் எஸ்.எம். கமால் தொகுத்த செப்பேடுகளில் காணலாம். சோழநாட்டிலிருந்து சேது நோக்கி வருவோர்க்கு மணமேல்குடியிலும் மீமிசலிலும் தஞ்சை மராட்டியர் சத்திரங்கள் இருந்தன. அவற்றைக் கடந்தே தொண்டி வழியாக உப்பூர் வரவேண்டும்.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டாட்சியைக் கும்பினியாரிடம் இழந்த இரண்டாம் சரபோஜி மன்னர், 1801-இல் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு மடல் எழுதினார். அரசு போனபின் அவர் மன்றாடியது சத்திரங்களுக்காக. சேது செல்லும் யாத்திரிகர் எச்சாதியினராயினும் சோறு பெறுவர். சமைத்த சோறு உண்ணாதார் அரிசியாகப் பெறுவர். நோயுற்றோர்க்கு மருத்துவரும், பெற்றோரற்ற பிள்ளைகட்கு ஆசிரியரும் உண்டு. கருவுற்ற பெண்டிரைப் பேணுவர். வழியில் இறந்தோர்க்கு ஈமக்கடன் செய்வர் என அவற்றின் பணிகளை அம்மடல் விரித்துரைக்கிறது. அதில் என்னை ஈர்த்த செய்தி வேறொன்று. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் இருப்பின் வந்து உண்க என அறிவிப்பார்களாம். உலகின் எந்தப் பெருவிடுதியிலும் இந்த மணி அடித்ததாக நான் படித்ததில்லை.

சத்திரத்தைப் பொற்காலமாகப் புனைவதும் வேண்டா. எல்லார்க்கும் சோறு உண்டு என்பது எல்லார்க்கும் ஒரே பந்தி என்று பொருள்படாது. ஆக்கியோர் ஒரு சாதி, உள்ளே அமர்ந்தோர் சில சாதி, புறத்தே நின்று பெற்றோர் பல சாதி. மண்டபம் முகாமின் வேலியை வெள்ளையர் கட்டினர். சத்திரத்து உள்வாசற்படியை நாமே கட்டினோம். அந்தப் படியைத் தாண்ட முடியாதவர்களே பின்னர் முகாம் வேலிக்குள்ளும் மிகுதியாக இருந்தனர் என்பதை மறைத்து வரலாறு எழுதலாகாது.

ஓட்டலில் பணிசெய்தோருள் உலகம் பெயர் அறிந்தவர் ஒருவர் உண்டு. கேரளத்திலிருந்து இளமையில் சென்று, 1942-இல் கால்பேஸ் ஓட்டலில் சேர்ந்த கொட்டாரப்பட்டு சாத்துக்குட்டன், வெள்ளைச் சீருடையும் வெண்ணரை மீசையுமாக வாயிலில் நின்று கைகூப்பி வரவேற்றவர். எழுபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, 2014-இல் தம் 94-ஆம் வயதில் மறைந்தார். பன்னாட்டுச் செய்தித்தாள்கள் அவர் மறைவை வெளியிட்டன. அவர் வாயிலில் நின்றார். ஆதலின் புகைப்படத்தில் விழுந்தார். அடுப்படியில் நின்றவர்கள் எந்தப் படத்திலும் விழவில்லை.

தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிற்று. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் போர்ச்சூழலால் நின்றது. மண்டபம் முகாம் மட்டும் நிலைத்தது. சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்பின் தாயகம் திரும்பியோரையும், 1983-க்குப் பின் ஏதிலிகளாய் வந்தோரையும் அது ஏற்றது. போனவரை அடைத்த இடமே வந்தவரையும் அடைத்தது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் மன்றத்தார்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். செகாவ் நிரப்பியவைபோன்ற சீட்டுகளை நாமும் நிரப்பலாம். தொண்டி முதல் தேவிபட்டினம்வரை, கடல் கடந்து சென்றோர் இல்லாத ஊர் அரிது. அவர்களைப் பற்றிக் கேட்டறிந்து சொல்லும் முதியோர் இன்னும் சிலரே உள்ளனர். பெயர், ஊர், சென்ற ஆண்டு, சென்ற வழி, செய்த தொழில், முடிவு என ஆறு செய்திகள் போதும். கவிஞர்கள் நிறைந்த மன்றத்தில் இப்பணிக்குச் சொற்பஞ்சம் ஏற்படாது.

முதற்சீட்டை நானே எழுதியுள்ளேன். ஊர், உப்பூர். வழி, தனுஷ்கோடி. தொழில், ஓட்டல் சமையற்கட்டு. ஆண்டும் முடிவும் தெரியவில்லை. பெயர் என்னும் இடத்தை நிரப்ப என் பாட்டியாரைப் பன்முறை கேட்டிருந்தேன். அவர்க்கு அப்பெயர் நன்கு தெரியும். ஆனால் மூத்தார் பெயரைச் சொல்லலாகாது என்று கடைசிவரை அவர் வாய்திறக்கவில்லை. அவ்விடத்தில் இப்போதைக்குக் ‘கொழும்புத் தாத்தா’ என்றே எழுதிவைத்திருக்கிறேன்.