கூறு

சங்கரன்கோவில் வட்டாரச் சந்தைகளில் காய்கறி எல்லாமே தராசில் ஏறிவிடுவதில்லை. சாக்கை விரித்து, கத்தரிக்காயையோ தக்காளியையோ சிறு குவியல்களாக வைத்து, 'கூறு இருபது ரூபா' என்று கூவுவார்கள். கண்ணளவுதான் கணக்கு.

தீபாவளி வந்தால் அதே சொல் கறிக்குப் போய்விடும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஆடு வாங்கி, உரித்து, கூறு போடுவார்கள். பங்குக் கறி என்றும் சொல்வதுண்டு. ஒவ்வொரு கூறிலும் தொடை, நெஞ்செலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விழ வேண்டும். ஈரல் ஒரு பக்கம் கூடிப்போனால் பண்டிகை நாளிலேயே வாய்ச்சண்டைதான்.

இப்படிப் பங்கிடுவதற்கு எபிரேயத்திலும் சொல் உண்டு: உணவுப் பங்குக்கு அங்கே 'மானா' என்று பெயர். எண்ணுதல் என்னும் வேரில் பிறந்த சொல். வனாந்தரத்தில் பொழிந்த மன்னா வேறு. வேதாகமத்தில் எல்க்கானா பலிவிருந்தில் மனைவி மக்களுக்குக் கொடுத்ததும், பூரிம் பண்டிகைக்கு யூதர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் தின்பண்டமும், இன்று இஸ்ரேலியக் கடையில் கேட்டு வாங்கும் ஒரு பிளேட் பலாஃபெலும் மானாதான்.

தாவீது உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்த நாளில் ஆளுக்கொன்றாகப் பங்கிட்ட 'எஷ்பார்' இன்னும் வில்லங்கமானது. எபிரேய வேதத்தில் இரண்டே இடங்களில் வருகிறது. தமிழ் வேதாகமம் இறைச்சித்துண்டு என்கிறது. பேரீச்சம்பழ அடை என்பாரும் உண்டு. யூதரின் தல்மூதோ சொல்லைப் பிய்த்து, 'காளையில் ஆறிலொன்று' என்று பொருள் சொன்னது. ஆளுக்கு ஆறிலொன்று என்றால் அந்த ஊரில் மாடு மிஞ்சியிருக்காது!

மானா எண்ணிக் கொடுப்பது. கூறு பிரித்து வைப்பது. பிரிக்கிற எதற்கும் இந்தச் சொல் ஒத்துப்போனதால் அது கறியோடு நிற்கவில்லை. திருக்குறள் மருந்துக்கு நான்கு கூறு சொல்கிறது. மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம் என்று பழைய நிலப்பிரிவுகளின் பெயரிலும் அது இருக்கிறது. உமையை உடம்பில் ஒரு கூறாக வைத்தவன் சிவன் என்று தேவாரம் பாடும். சங்கரன்கோவிலில் அந்தப் பாதி திருமாலுக்குப் போயிற்று: கோமதியம்மனின் தவத்துக்கு இரங்கி, ஒரு கூறு சங்கரனாகவும் மறு கூறு நாராயணனாகவும் இறைவன் காட்சி தந்ததைத்தான் ஆடித்தபசுத் திருவிழா கொண்டாடுகிறது.

நெல்லைச் சீமையில் கூறுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 'கூறுகெட்ட பய' என்று திட்டினால், அங்கே கூறு என்பது புத்தி. இன்னது இன்னதென்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் கூறுகெட்டவன். பகுத்தறிவும் பகுத்தலில் பிறந்த சொல்தான். அது மேடைக்குப் போயிற்று. வீட்டில் கோபம் வந்தால் வாயில் வருவது கூறுதான்.