சாதாரண அலுமினியத்தில் ஒழுங்கான நுண்துளைகள்: தடை எது?

ஜன்னல் சட்டங்களுக்கும் பாத்திரங்களுக்கும் பயன்படும் சாதாரண அலுமினியத்தின் மீது, தேன்கூடு போன்று ஒழுங்கான நுண்துளைகள் கொண்ட ஆக்சைடு படலத்தை உருவாக்க முடியுமா? நானோ தொழில்நுட்பம் வசதி குறைந்த ஆய்வுக்கூடங்களையும் எட்டுமா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

அலுமினியத்தை அமிலக் கரைசலில் நேர்மின்வாயாக்கி மின்சாரம் செலுத்தினால், அதன் மேற்பரப்பு ஆக்சைடாக மாறுகிறது. துளைகளின் அடியில் மின்புலத்தின் உந்துதலால் ஆக்சைடு கரைய, அதற்குக் கீழே புதிய ஆக்சைடு உருவாகிறது. இப்படலம் அறுகோண அறைகளால் ஆனது என்பதை அமெரிக்காவின் அல்கோவா நிறுவன ஆய்வாளர்கள் 1953ம் ஆண்டிலேயே விவரித்திருந்தனர்.

துளைகளை வரிசை பிசகாமல் அமைக்கும் வழியை 1995ல் அறிவித்தவர்கள் ஜப்பானின் ஹிடெகி மசுடாவும் கென்ஜி ஃபுகுடாவும் ஆவர். மறு ஆண்டு வெளியான இரு கட்ட முறை எளிமையானது. பல மணிநேரம் வளர்க்கப்படும் முதல் படலம் கரைத்து அகற்றப்படுகிறது. உலோகத்தில் எஞ்சும் குழிகளே இரண்டாவது படலத்தின் துளைகளுக்கு இடம் காட்டுகின்றன. ஆக்ஸாலிக் அமிலத்தில் 40 வோல்ட் அளித்தால், துளைகளுக்கு இடையிலான தூரம் சுமார் 100 நானோமீட்டர்.

இத்தகைய ஆய்வுகளில் வழக்கமாகப் பயன்படுவது 99.99 சதவீதத் தூய்மையுள்ள, விலை உயர்ந்த அலுமினியம். சந்தையில் கிடைக்கும் 1050 ரகத்தின் தூய்மை 99.5 சதவீதம். எஞ்சியதில் உள்ள இரும்பும் சிலிக்கனும் துகள்களாகத் தங்கி, சுற்றியுள்ள உலோகத்தைப் போல் மாறாதிருப்பதால், அவ்விடங்களில் துளைகள் வளைகின்றன, கிளைக்கின்றன. போலந்து ஆய்வாளர்கள் 2010ல் இரண்டையும் ஒப்பிட்டபோது, மலிவான ரகத்தில் படலம் மெதுவாக வளர்ந்ததையும் ஒழுங்கு குறைந்ததையும் கண்டனர்.

எனினும் வடிகட்டிகளுக்கும் சாயமேற்றுவதற்கும் இந்த ஒழுங்கே தாராளமாகப் போதும். ஒளியைக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்குத்தான் போதாது.

உண்மையில், விலையைவிடக் கடினமான தடை, அதிகம் பேசப்படாத ஆபத்துதான். படலம் வளர்க்குமுன் உலோகத்தை மெருகூட்ட, பெர்குளோரிக் அமிலமும் எத்தனாலும் கலந்த, வெடிக்கக்கூடிய கரைசலே பெரும்பாலும் கையாளப்படுகிறது. 1947 பெப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில், அலுமினியத்தை மெருகூட்டுவதற்கான வேறொரு பெர்குளோரிக் அமிலக் கலவை வெடித்து 17 பேர் கொல்லப்பட்டனர். முதல் படலத்தை அகற்ற உதவும் குரோமிக் அமிலமோ புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதற்கு அடிப்படையான குரோமியம் ட்ரைஆக்சைடைத் தொழிற்சாலைகள் சிறப்பு அனுமதியின்றிப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரில் தடை விதித்தது.

பாஸ்பாரிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட மெருகூட்டும் கரைசல்களும் உள்ளன. மலிவான உலோகத்தை நாடும் சிறிய ஆய்வுக்கூடங்கள் முதலில் மாற்ற வேண்டியது, உலோகத்தையல்ல, இந்த அமிலங்களையே.