இரண்டு சூரியன்கள், இரண்டு வகைக் கணக்கு

2017 டிசம்பரில் நாசா வெளியிட்ட ஓர் அறிவிப்பு உலகம் முழுக்க முதல் பக்கச் செய்தியானது. கெப்ளர் 90 என்ற விண்மீனுக்கு எட்டாவது கோள் கிடைத்துவிட்டது. ஆக, கோள்களின் எண்ணிக்கையில் அது நம் சூரியனோடு சமநிலைக்கு வந்துவிட்டது. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2010 ஆகஸ்டில், ஹெச்டி 10180 என்ற இன்னொரு விண்மீனுக்கும் இப்படி ஒரு நாள் வாய்த்தது. அப்போது ஐந்து கோள்கள் உறுதி, மேலும் இரண்டு இருக்கக்கூடும் என்றார்கள். பிறகு அந்தக் கணக்கு ஏறி இறங்கியதில் செய்தித்தாள்கள் அதை மறந்துவிட்டன. வானியலாளர்கள் மறக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்த இரண்டில் மறக்கப்பட்டதுதான் சுவாரசியமான குடும்பம்.

இரண்டுமே சூரியனை ஒத்த விண்மீன்கள். ஹெச்டி 10180 எடையில் சூரியனைவிடச் சற்றே கூடுதல், நிறத்திலும் வெப்பத்திலும் ஏறத்தாழ அதே. கெப்ளர் 90 இன்னும் கொஞ்சம் பெரியது, கொஞ்சம் சூடானது. சூரியனைப் போல 1.2 மடங்கு பருமன். ஒற்றுமை இத்தோடு நின்றுவிடுகிறது. முன்னது நம்மிடமிருந்து சுமார் 127 ஒளியாண்டு தொலைவில், தென்வானில் ஹைட்ரஸ் மண்டலத்தில் இருக்கிறது. பின்னது வடவானில் டிராகோ மண்டலத்தில், 2,500 ஒளியாண்டுக்கும் அப்பால். டிசம்பர் மாத முன்னிரவில் தமிழ்நாட்டிலிருந்து தெற்கே பார்த்தால் அடிவானத்துக்குச் சற்று மேலே அக்கர்னார் என்ற பிரகாசமான விண்மீன் தெரியும். அதற்கு நேர் கீழே மூன்று டிகிரி இறங்கினால் ஹெச்டி 10180. வெறும் கண்ணுக்கு எட்டாது. மாசில்லாத வானமும் நல்ல இருகண் நோக்கியும் இருந்தால் எட்டும். கெப்ளர் 90 அதைவிடப் பல நூறு மடங்கு மங்கல். நல்ல தொலைநோக்கி இல்லாமல் அதன் பக்கம் போகவே முடியாது. இந்த ஒளி வேறுபாடு ஏதோ பார்வையாளரின் வசதி பற்றிய விஷயம் போலத் தோன்றும். பின்னால் எல்லாமே இதில்தான் வந்து முட்டுகிறது.

ஹெச்டி 10180-ஐக் கவனித்தது சிலி நாட்டின் லா சில்லா மலையில் இருக்கும் ஐரோப்பியத் தெற்கு வான்காணகத்தின் 3.6 மீட்டர் தொலைநோக்கி. அதில் பொருத்தப்பட்ட ஹார்ப்ஸ் என்ற நிறமாலைக் கருவி கோள்களைப் பார்ப்பதில்லை, விண்மீனின் அசைவைப் பார்க்கிறது. கோள் விண்மீனைச் சுற்றுகையில் விண்மீனையும் சிறிது இழுக்கிறது. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலத்தின் பக்கமும், விலகும்போது சிவப்பின் பக்கமும் நகர்கிறது. கிறிஸ்தோஃப் லோவிஸ் தலைமையிலான குழு ஆறு ஆண்டுகளில் 190 முறை இந்த நகர்வை அளந்தது. கிடைத்த அசைவுகள் எவ்வளவு என்றால், தெளிவாகத் தெரிந்த ஒவ்வொரு கோளுக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 1.5 முதல் 4.5 மீட்டர் வரை. ஒரு மனிதன் நடக்கிற அல்லது மெதுவாக ஓடுகிற வேகம், 127 ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒரு நெருப்புக் கோளத்தில்.

சிக்கல், ஒரே விண்மீனின் அசைவில் ஆறேழு கோள்களின் இழுப்பும் கலந்து கிடக்கிறது என்பது. முதலில் வலுவானதைப் பிரித்தெடுத்து, மிச்சத்தில் அடுத்ததைத் தேடி, மறுபடி மிச்சத்தில் தேடி, இப்படிப் போக வேண்டும். அந்தக் குழுவுக்கு ஐந்து கோள்கள் தெளிவாக வந்தன. பூமியைப் போல 13 முதல் 25 மடங்கு எடை, அதாவது நெப்டியூன் ரகம். சுற்றுக்காலம் 6 நாளிலிருந்து 600 நாள் வரை. அதற்கு வெளியே 2,200 நாளில் சுற்றும், பூமியைப் போல் 65 மடங்கு எடையுள்ள ஒன்று. மிக உள்ளே, 1.18 நாளில் சுற்றும், பூமியைவிடச் சற்றே கனத்த ஒன்று. கடைசியில் சொன்ன இதன் இழுப்பு வினாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு.

2012-இல் மிக்கோ துவோமி என்ற வானியலாளர் அதே அளவீடுகளை வேறு புள்ளியியல் முறையில் அலசி, மேலும் இரண்டு கோள்கள் இருப்பதாகச் சொன்னார். மொத்தம் ஒன்பது. நம்மைவிட ஒன்று அதிகம்! 2014-இல் வேறு இருவர் மறுபடி அலசியபோது ஆறு கோள்கள் கொண்ட விளக்கமே பொருத்தமாக இருந்தது. மிக உள்ளே சுற்றும் அந்தச் சிறிய கோளே நிற்கவில்லை. வானத்தில் எதுவும் மாறவில்லை, அளவீடுகளும் பெரிதாக மாறவில்லை. மிச்சத்தில் இருப்பது கோளா, இரைச்சலா என்பதை ஒவ்வொருவரும் எங்கே கோடு கிழித்துத் தீர்மானித்தார்கள் என்பதுதான் மாறியது. இதை அறிவியலின் தடுமாற்றம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தேகத்தை வெளிப்படையாக வைத்திருக்கிற கணக்கு இது.

கெப்ளர் 90-இல் இந்த வகைச் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 2009 முதல் நான்கு ஆண்டுகள் வானின் ஒரே பகுதியை, சுமார் ஒன்றரை லட்சம் விண்மீன்களை, இமைக்காமல் பார்த்தது. கோள் விண்மீனின் குறுக்கே கடக்கும்போது ஒளி சிறிது குறையும்; அதே குறைவு சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே கோள் இருக்கிறது. 2013-இல் ஏழு கோள்கள் தெரிந்தன. ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு பக்கம், பிளானட் ஹண்டர்ஸ் திட்டத்தில் கணினித் திரையில் ஒளி வரைபடங்களைக் கண்ணால் துழாவிய பொதுமக்கள் இன்னொரு பக்கம், இரு தரப்பும் தனித்தனியே அதை எட்டின. எட்டாவதைக் கண்டுபிடித்தது கணினி. கூகுளைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷாலூவும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வாண்டர்பர்க்கும், ஏற்கெனவே மனிதர்கள் தரம் பிரித்து வைத்திருந்த 15,000 ஒளிக்குறைவுகளைக் காட்டி ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். பிறகு, கோள்கள் இருப்பது முன்பே தெரிந்த 670 விண்மீன்களின் பழைய தரவுகளில் அதைத் தேடவிட்டார்கள். விண்மீனின் ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மறைக்கும், 14.4 நாளுக்கு ஒருமுறை கடக்கும் ஒரு கோள் அகப்பட்டது. அதன் மேற்பரப்பு வெப்பம் 400 டிகிரி செல்சியஸுக்கும் மேல் இருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

செய்தி ஏன் அவ்வளவு பரவியது என்பது இப்போது புரியும். செயற்கை நுண்ணறிவு, கூகுள், எட்டுக்கு எட்டு. கோளை விடக் கருவிதான் கதாநாயகன்.

இரண்டு குடும்பங்களின் ஜாதகத்தையும் இப்போது விரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. கெப்ளர் 90-இன் எட்டுக் கோள்களின் பருமனும் தெரியும். உள்ளே மூன்று, பூமியைவிடச் சற்றே பெரியவை. நடுவில் மூன்று, பூமியைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவான விட்டம். வெளியே இரண்டு பெரும் கோள்கள். சிறியவை உள்ளே, பெரியவை வெளியே என்ற வரிசையில் இது நம் குடும்பத்தின் சாயல்தான். ஆனால் அந்த உள் ஆறின் எடை சரிவரத் தெரியாது. ஹெச்டி 10180-இல் எடை தெரியும், பருமன் ஒன்றுக்கும் தெரியாது. அந்த எடையும் குறைந்தபட்ச எடைதான். சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாததால், உண்மை எடை கூடுதலாக இருக்கலாம். மிகவும் கூடிவிட முடியாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு: அவ்வளவு கனமாக இருந்தால் கோள்கள் ஒன்றையொன்று இழுத்துக் குடும்பமே எப்போதோ சிதறியிருக்கும். எடையும் பருமனும் சேர்ந்தால்தான் அடர்த்தி வரும். அடர்த்தி தெரிந்தால்தான் அது பாறையா, நீரா, வாயுவா என்று பேசவே முடியும். ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டு நிற்கின்றன இரு முறைகளும்.

இதற்கு ஒரு விலக்கு கெப்ளர் 90-இன் வெளி இரட்டையர். 210 நாளில் சுற்றும் ஜி, 331 நாளில் சுற்றும் ஹெச். இவை ஒன்றையொன்று இழுப்பதால் ஜி வரவேண்டிய நேரத்துக்கு வராமல் ஒரு நாள் வரை முன்பின்னாகக் கடக்கிறது. இந்தத் தாமதங்களை வைத்து 2021-இல் இரண்டின் எடையையும் கணக்கிட்டார்கள். ஹெச்சுக்கு வியாழனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எடை. ஜிக்கோ, பூமியைப் போல எட்டு மடங்கு விட்டம் இருந்தும், 15 மடங்கு எடைதான். அடர்த்தி போட்டுப் பார்த்தால் தக்கையைவிட இலேசு! சனியைப் போன்றது என்று பருமனை மட்டும் வைத்து நினைத்திருந்த ஒரு கோள், எடை தெரிந்ததும் வேறு இனமாகிவிட்டது. ஹெச்டி 10180-இன் நெப்டியூன்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். எடையில் நெப்டியூன் என்பதால் தோற்றத்திலும் நெப்டியூன் என்று யாரும் உறுதி சொல்லிவிட முடியாது.

அமைப்பிலும் இரண்டும் எதிரெதிர். கெப்ளர் 90-இல் எட்டும், பூமி நம் சூரியனிலிருந்து இருக்கும் தொலைவுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. நடுவில் உள்ள மூன்றின் சுற்றுக்காலங்கள் 60, 92, 125 நாள். ஏறத்தாழ 2:3:4 என்ற விகிதம். பிறந்த காலத்து வாயுத் தட்டில் கோள்கள் உள்நோக்கி நகர்ந்து வந்தால் இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் என்பது பரவலான கருத்து. ஹெச்டி 10180-இல் இத்தகைய கோர்வை இல்லை. 6, 16, 50, 123, 601, 2,200 நாள் என்று தாராளமாக விரிகின்றன பாதைகள். 123-க்கும் 601-க்கும் நடுவே பெரிய வெற்றிடம். ஒன்பது என்று எண்ணியவர்கூட அதற்குள் எதையும் கண்டதாகச் சொல்லவில்லை. அந்த 601 நாள் கோள், நீர் திரவமாக இருக்கக்கூடிய வெப்பத் தொலைவில் இருக்கிறது. பூமியைப் போல இருபது மடங்கு எடை கொண்டது என்பதால் அதில் தரை இருக்குமா என்பதே ஐயம். அதற்கு நிலா இருந்தால் என்ற கற்பனையைக் கதை எழுதுகிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

எட்டுக்கு எட்டு என்ற சமன்பாட்டுக்கு வருவோம். நம் சூரியனை வேறெங்கிருந்தோ யாரோ ஹார்ப்ஸ் போன்ற கருவியால் ஆறு ஆண்டு அளந்தால் என்ன கிடைக்கும்? பூமி சூரியனை அசைப்பது வினாடிக்கு 9 சென்டிமீட்டர்; தெரியாது. வியாழன் அசைப்பது 12 மீட்டர். அதன் சுற்றுக்காலம் 12 ஆண்டு என்பதால் அரைச் சுற்று மட்டும் தெரியும். கணக்கில் வருவது ஒன்று, அதுவும் அரைகுறை. கெப்ளர் போன்ற கருவியால் நான்கு ஆண்டு பார்த்தால்? பூமி சூரியனைக் கடப்பதைக் காணும் இடத்தில் அவர்கள் இருப்பதற்கே இருநூறில் ஒரு வாய்ப்புத்தான். பெரும்பாலும் பூஜ்யம் என்று எழுதி மூடிவிடுவார்கள். நம்முடைய எட்டு, வெளிக்கோள்களையும் சேர்த்து உள்ளிருந்து எண்ணிய எட்டு. கெப்ளர் 90-இன் எட்டு, விண்மீனுக்கு அருகில் இருப்பவற்றில் நம் பார்வைக் கோட்டில் விழுந்தவை மட்டும். அதற்கு வெளியே பத்து இருந்தாலும் அந்த நான்காண்டுத் தரவு சொல்லாது. இந்த இரண்டு எட்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் 2017-இன் தலைப்புச் செய்திகள் செய்த பிழை.

இனி எந்தக் குடும்பத்தைப் பற்றிய அறிவு வளரும் என்று கேட்டால், நான் தயங்காமல் ஹெச்டி 10180 பக்கம் நிற்பேன். கெப்ளர் 90-இன் உள் ஆறு கோள்களின் எடையை அசைவு முறையில் அளக்க, அந்த மங்கலான விண்மீனிலிருந்து வரும் ஒளி போதாது. கெப்ளர் தொலைநோக்கியும் 2018-இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஹெச்டி 10180 பிரகாசமானது; சிலியின் பரானால் மலையில் 2018 முதல் இயங்கும் எஸ்பிரெஸ்ஸோ கருவியின் இலக்கு வினாடிக்கு 10 சென்டிமீட்டர் நுட்பம். ஒரு மீட்டருக்கும் குறைவாக அசைக்கும் அந்த 1.18 நாள் கோளும், துவோமி சொன்ன மற்ற இரண்டும் அந்த எல்லைக்குள் வருபவை. ஆறா, ஏழா, ஒன்பதா என்ற வழக்கு தீரக்கூடியது. சில ஆண்டுகளுக்குப் போதுமான தொலைநோக்கி நேரத்தை ஒதுக்க யாராவது முன்வர வேண்டும்.