கவுலூன் விரிகுடாவில் ஓர் ஓடுபாதை

விமானம் எழுவதும் இறங்குவதும் எதிர்க்காற்றின் துணையோடுதான் என்பதால், ஓர் ஓடுபாதை எந்தத் திசையில் கிடக்க வேண்டும் என்பதை அவ்விடத்தில் பெரும்பாலும் வீசும் காற்றே முடிவு செய்கிறது. ஓடுபாதையின் இரு முனைகளிலும் வெள்ளை வண்ணத்தில் தீட்டப்படும் எண்கள் அந்தத் திசையைத்தான் சொல்கின்றன: காந்த வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்த பாகையை அருகிலுள்ள பத்தின் மடங்காக்கி, கடைசிச் சுழியை விட்டுவிட்டால் கிடைப்பதே அந்த எண். ஹாங்காங்கின் கை டாக் விமான நிலையத்தில் 1958 முதல் 1998 வரை இயங்கிய ஒரே ஓடுபாதையின் முனைகள் 13 என்றும் 31 என்றும் எண்ணிடப்பட்டிருந்தன. முன்னது தென்கிழக்கு நோக்கியும் பின்னது வடமேற்கு நோக்கியும் இறங்குவதற்கானவை. 31 வழியாகக் கடலின் மேல் தாழ்ந்து வந்து இறங்குவதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கை டாக்கை உலகமறியச் செய்தது 13தான். தென்கிழக்குக் காற்று வீசும் நாட்களில் விமானங்கள் வர வேண்டிய அந்த நேர்வழியில், சிங்கப் பாறை உள்ளிட்ட கவுலூன் மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நின்றது.

விமான நிலையம் அமைக்கத் தகுந்த இடமென்று ஆராய்ந்து எவரும் இந்த நிலத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. மருத்துவரும் வழக்கறிஞருமான ஹோ கை, வணிகரான ஆவ் டாக் ஆகியோரின் பெயரில் 1910களில் தோன்றிய நிறுவனம் ஒன்று, கவுலூன் விரிகுடாவின் கரையோரத்தில் கடலைத் தூர்த்து வீட்டுமனைகள் அமைக்க முனைந்தது. அத்திட்டம் பொருளிழப்பில் முடியவே நிலம் அரசின் கைக்கு வந்தது, இருவர் பெயரின் பாதிகள் சேர்ந்த ‘கை டாக்’ மட்டும் அதனோடு ஒட்டிக்கொண்டது. 1920களின் நடுவில் அந்த வெறும் புல்வெளியில் ஒரு பறத்தல் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் பிரிட்டிஷ் வான்படையும் அதைப் பயன்படுத்தியது. 1936 மார்ச் 24 அன்று இம்பீரியல் ஏர்வேஸின் ‘டொராடோ’ என்னும் சிறு விமானம் பினாங்கிலிருந்து அஞ்சல் பைகளோடும் ஒரே ஒரு பயணியோடும் வந்து இறங்கியதே இங்குப் பயணிகள் வான்சேவையின் தொடக்கம்.

இரண்டாம் உலகப்போரின்போது நகரைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, போர்க்கைதிகளின் உழைப்பைக்கொண்டு நிலையத்தை விரிவாக்கிக் காங்கிரீட் ஓடுபாதைகளை அமைத்தது. அதற்கான கல்லுக்காகக் கவுலூன் கோட்டை நகரின் மதில் இடிக்கப்பட்டது. அருகிலிருந்த புனிதக் குன்றும் உடைக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியரிடமிருந்து தப்பி வந்த சொங் மரபின் கடைசிச் சிறுவர் அரசர்கள் தங்கிய இடமென்று மக்கள் போற்றிவந்த பெரும் பாறை அக்குன்றின் மேல்தான் இருந்தது. வெடிவைப்பில் அது சிதறியபோதும் ‘சுங் வொங் டோய்’ என்னும் மூன்று எழுத்துகள் பொறித்த துண்டு மட்டும் பிழைத்தது. போருக்குப் பின் அது செவ்வக வடிவில் செதுக்கப்பட்டு அருகில் ஒரு சிறு பூங்காவில் நிறுத்தப்பட்டது. ஓர் ஓடுபாதைக்காக ஓர் ஊர் எதையெல்லாம் இழந்தது என்பதற்குக் கண்ணெதிரே நிற்கும் சான்று அந்தக் கல். விமான நிலைய வரலாறுகள் அதை ஒரு வரியில் கடந்துவிடுவது முறையன்று.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பழைய ஓடுபாதையின் குறுக்கே பொதுச்சாலை ஒன்று ஓடியது. விமானம் வரும்போதெல்லாம் இருப்புப்பாதைக் கடவுபோலத் தடுப்பை இறக்கி வண்டிகளை நிறுத்தினார்கள். பெரிய விமானங்களுக்கு அந்த ஏற்பாடு போதாமற்போகவே, நகரில் நிலமும் இல்லாத நிலையில், விரிகுடாவுக்குள் நீண்ட விரலைப்போல மண்ணைக் கொட்டி அதன்மேல் சுமார் 2,500 மீட்டர் நீளத்தில் அமைத்த புதிய ஓடுபாதை 1958இல் திறக்கப்பட்டது. 1970களில் அது 3,390 மீட்டராக நீண்டது.

மழையிலும் மூடுபனியிலும் விமானத்தை இறக்க உதவுவது ‘கருவிவழித் தரையிறக்க முறை’. தரையிலிருந்து எழும் வானொலிக் கற்றைகள் ஓடுபாதையின் நடுக்கோட்டையும் இறங்க வேண்டிய சரிவையும் விமானியறைக் கருவிக்குக் காட்டிக்கொண்டே வரும். கை டாக்கின் 13க்கு அப்படியொரு நேர்க்கற்றை அமைய மலைகள் இடமளிக்கவில்லை என்பதால், 1974இல் அதன் வேறு வடிவமொன்று நிறுவப்பட்டது. அதன் கற்றை ஓடுபாதையை நோக்காமல், மேற்கிலிருந்து வரும் விமானத்தை ஒரு குன்றை நோக்கி அழைத்துவந்தது. அக்குன்றின் முகப்பில் செம்மஞ்சளும் வெள்ளையுமாகப் பெரிய சதுரங்கக் கட்டங்கள் தீட்டப்பட்டிருந்தன. அந்தக் கட்டங்கள் கண்ணில் பட்டதும், தரையிலிருந்து சுமார் 650 அடி உயரத்தில், விமானி கருவியை விட்டுத் தன் கண்ணை நம்பி வலப்புறம் 47 பாகை திரும்ப வேண்டும். சிறகு சாய்ந்த நிலையிலேயே அடுக்குமாடிகளின் மேல் தாழ்ந்து, ஓடுபாதையோடு நேர்படும்போது உயரம் ஏறத்தாழ 140 அடியாகக் குறைந்திருக்கும். பக்கக்காற்று தள்ளும் நாளில், இதை 747 போன்ற பேருடலை வைத்துக்கொண்டு செய்வது எத்தகைய தேர்ச்சி என்பதை எளிதில் உணரலாம். 1993 நவம்பரில், புயல்காற்றுக்கிடையே இதே 13இல் இறங்கிய ஒரு 747 ஓடுபாதையின் முடிவைத் தாண்டிக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 396 பேரும் உயிர் தப்பினர்.

ஓடுபாதை நகரத்தின் உருவையும் வகுத்தது. விமானவழியின் கீழ் கட்டடங்களுக்கு உயர வரம்பு இருந்ததால், சட்டத்தின் கை எட்டாத கோட்டை நகர்கூட ஏறத்தாழ 14 மாடிகளோடு நின்றது. விமானிகளின் கண் குழம்பக்கூடாதென்று விளம்பர நியான் விளக்குகள் மினுங்கத் தடை இருந்தது. மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலே சக்கரங்களை விரித்தபடி விமானங்கள் சென்றன. இரைச்சலைத் தாங்கிய அந்த மக்களுக்காக இரவில் சில மணி நேரம் நிலையம் மூடப்பட்டது; எஞ்சிய நேரத்தில் அந்த ஒற்றை ஓடுபாதை, 1990களின் நடுவில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று கோடிப் பயணிகளைச் சுமந்தது.

1998 ஜூலை 6 அன்று, நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பின் ஓடுபாதை விளக்குகள் அணைக்கப்பட்டன. அன்றிரவே சாலையிலும் கடலிலுமாக நிலையத்தின் தளவாடங்கள் லந்தாவ் தீவை அடுத்த செக் லாப் கோக்கிற்குக் கொண்டுசெல்லப்பட, காலையில் புதிய நிலையம் இயங்கத் தொடங்கியது. கடலுக்குள் நீண்ட அந்த விரலின் நுனியில் 2013 முதல் பயணக்கப்பல்கள் வந்து நிற்கின்றன. பழைய நிலையத்தின் ஓரத்தில் பாதாள ரயில்பாதைக்காகத் தோண்டியபோது சொங் காலக் கிணறுகளும் மட்பாண்டத் துண்டுகளும் வெளிப்பட்டன. 2021இல் அங்கே திறக்கப்பட்ட ரயில் நிலையம் சுங் வொங் டோய் என்று அந்தக் கல்லின் பெயரையே தாங்கியிருக்கிறது.