ஒட்டிய கண்ணாடியும் ஆற்காட்டுக் கைத்திறனும்

நைந்துபோன பட்டுப்புடவையை ஆரணியில் எவரும் குப்பையில் எறிவதில்லை. துணி வீணாயினும் ஜரிகையிலுள்ள வெள்ளிக்கு விலையுண்டு. ஆயின் வெள்ளியை எடுப்பதற்குப் பட்டை நெருப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். இணைந்த இரு பொருள்களை இரண்டுக்கும் பழுதின்றிப் பிரிப்பது அதனினும் அரிய வேலையாகும். பழைய தொலைநோக்கிகளின் ஒட்டுக் கண்ணாடி அத்தகைய ஒன்று.

ஒளியியலில் நம் முன்னோர் ஆற்றிய பணி பெரிது. 984ஆம் ஆண்டளவில் பக்தாதில் இப்னு ஸஹ்ல், கண்ணாடிக்குள் புகும் ஒளி வளையும் விதத்தைக் கணித்து வில்லைகளின் வடிவத்தை வரைந்தார். பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம் ஏழு பாகங்களில் ‘கிதாபுல் மனாழிர்’ இயற்றினார். அதன் லத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாசல் நகரில் அச்சேறியது.

தனி வில்லையில் ஒரு குறையுண்டு. ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு அளவில் வளைவதால், காணும் பொருளைச் சுற்றி வண்ண விளிம்பு தோன்றும். கிரவுன், ஃபிளின்ட் என்னும் இருவகைக் கண்ணாடிகளை இணைத்து இக்குறையைத் தணிக்கும் முறைக்கு 1758இல் லண்டனில் ஜான் டாலண்டு காப்புரிமை பெற்றார். பிற்காலத்தார் அவ்விரண்டையும் கனடா பால்சம் என்னும் மரப்பிசினால் ஒட்டினர். ஒளியை வளைப்பதில் அப்பிசின் ஏறக்குறைய கண்ணாடியையே ஒத்திருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது மஞ்சளித்து, விளிம்பிலிருந்து விட்டுப்போய் மங்குகிறது. கெட்டது பிசினே, கண்ணாடியன்று.

ஆகவே அதனைப் பிரித்துத் துலக்கி, வீட்டிலேயே ஒரு தொலைநோக்கி செய்துகொள்ளலாம். முதலில் இரு வில்லைகளின் விளிம்பிலும் குறுக்காகப் பென்சிலால் குறியிட வேண்டும். மீண்டும் அதே நிலையில் சேர்ப்பதற்கு அது உதவும். பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, குளிர்ந்த நீரில் வில்லையை வைத்து, மிகச் சிறு தணலில் மெல்லச் சூடேற்றுக. பிசின் இளகியதும் பக்கவாட்டில் நகர்த்திப் பிரிக்க வேண்டும், நெம்பலாகாது. சூடான கண்ணாடி குளிர்ந்த பொருளைத் தொட்டால் வெடிக்கும். தானே ஆறவிட்டபின், எஞ்சிய பிசினை டர்பன்டைன் கொண்டு அடுப்புக்கு எட்டத்திலிருந்து துடைக்கலாம். பிற்காலச் செயற்கைப் பசைகள் இச்சூட்டுக்கு இளகா. அவற்றிடம் பலவந்தம் செய்தால் கண்ணாடிதான் உடையும்.

இத்தகைய பொறுமைக்கு முன்மாதிரி தேடி நாம் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. ஆரணிக்கு அருகேயுள்ள ஆற்காட்டைச் சேர்ந்தவர் சையித் மீர் முஹ்ஸின் ஹுசைன். 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவை, வடக்கே இமயம் வரை நீண்டது. அதன் பெரிய தியோடலைட் கருவி 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது மோதிச் சேதமுற்றது. லாம்டனே அதனைச் சீர்செய்தார். 1830 முதல் 1843 வரை தலைமை நில அளவையாளராயிருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் காலத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த ஹென்றி பாரோ கருவிகளைப் பராமரித்தார். அவர் விலகியபின் அப்பொறுப்பு முஹ்ஸின் ஹுசைனிடம் வந்தது. அவரது திறனை நேரில் கண்ட எவரெஸ்டே அவருக்காகப் பரிந்துரைத்தார். பழுதுற்ற கருவிகளைக் கடல் கடந்து அனுப்பாமல், இந்நாட்டிலேயே செப்பனிட்டுப் பயன்படுத்தும் நிலையை அக்கைகள் உண்டாக்கின.

1865இல் உலகின் உயர்ந்த சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. கருவியைக் காத்தவரின் பெயரையோ, அவர் பிறந்த மண்ணுக்கு அண்மையில் வாழும் நம் பிள்ளைகளே அறியார். காரணம், கைத்தொழிலை நாமே தாழ்வாக எண்ணப் பழகிவிட்டோம். இரும்பை இளக்கிக் கவசம் செய்த தாவூத் நபியைப் போற்றும் சமுதாயத்துக்கு இது அழகன்று. பழைய பைனாகுலரைப் பிரித்துப் பார்க்கும் சிறுவனை, “படிப்பை விட்டு என்ன வேலை?” என்று அதட்டுகிறோம். அவன் அப்பொழுது இப்னுல் ஹைஸமின் பாடத்தைக் கையால் படிக்கிறான் என்பதை மறக்கிறோம்.

பிறை காண்பதில் தொலைநோக்கிக்குள்ள இடம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடுண்டு. அது தனி ஆய்வு. ஆயினும் சூரியன் முற்றும் மறைந்தபின், தன் கையால் துலக்கிய கண்ணாடி வழியே வானத்தைப் பார்க்கும் பிள்ளை, படைத்தவனின் ஒழுங்கைப் பிறர் சொல்லக் கேட்காமல் தானே கண்டுகொள்வான். நம் பரணில் கிடக்கும் மங்கிய கண்ணாடிகளை, பெரியவர் ஒருவர் உடனிருக்க, அவனிடம் ஒப்படைப்போம்.